பார்வை யாருக்குச் சொந்தம்?

கடைச்சுவர் வணிகருக்குச் சொந்தம். தெருவைப் பார்க்கும் அதன் முகமும் அவருக்கு மட்டுமே சொந்தமா? ஜப்பானின் கியோட்டோ நகரம் 2007இல் இதற்குச் சட்டத்தால் விடை சொன்னது. கூரைமேல் விளம்பரங்களும் மின்னி அணையும் பலகைகளும் நகரம் முழுவதும் தடை செய்யப்பட்டன. பழையவற்றை மாற்ற ஏழாண்டு அவகாசம் கிடைத்தது. அத்துடன் 38 காட்சிகளும் பாதுகாப்புப் பெற்றன. எந்த்சூஜி என்னும் பௌத்த ஆலயத் தோட்டத்திலிருந்து தெரியும் ஹியெய் மலை அவற்றுள் ஒன்று. மலை ஆலயத்தின் உடைமையன்று. ஆயினும் இடையில் வாழ்வோர் அடக்கம் காத்தால்தான் அத்தோட்டம் முழுமை பெறும். எதுவும் தனித்து நிற்பதில்லை, அனைத்தும் சார்ந்தே தோன்றுகின்றன என்ற பௌத்தக் கொள்கைக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

இத்தகைய விதிகளால் விளம்பரப் பலகை சிறுத்தால் பிழைப்பு போகும் என்பது சிறு வணிகரின் நியாயமான அச்சம். ஒருவர் மட்டும் சுருக்கினால் அவர் தோற்பார் என்பது உண்மை. ஆகவேதான் அடக்கத்தைத் தனிமனித நல்லெண்ணத்துக்கு விட்டுவிடாமல் பொதுவிதியாக்க வேண்டும். எல்லோரும் சுருக்கும்போது பெரும்பணம் படைத்தவரின் ராட்சதப் பலகை சிறு கடையை மறைப்பதும் நிற்கிறது. அழகை அரசு தீர்மானிக்கலாமா என்பது அடுத்த மறுப்பு. ரசனையையும் எழுதும் சொல்லையும் அரசு தொடக்கூடாது. அளவு, உயரம், ஒளி ஆகியவற்றோடு விதி நிற்க வேண்டும். அந்த எல்லைக்குள், பிறர் பார்வைக்கு வழிவிடுவது உரிமை இழப்பாகாது. அது நம் உரிமையை அறத்தோடு பயன்படுத்துவதாகும்.