முன்னால் வைத்தால், பின்னால் வைத்தால்

சி மொழி நிரலொன்றின் க என்ற மாறியில் 5 இருக்கிறது. ச = க++ என்றால் ச-வுக்கு 5 கிடைக்கும், க 6 ஆகும். அதற்குப் பதிலாக ச = ++க என்றால் இரண்டுமே 6.

வட்டக்கச்சிப் பிள்ளைகளுக்கு இதை வயலில் வைத்தே சொல்லலாம். அரிவு வெட்டு முடிந்து, இரணைமடுத் தண்ணியில் விளைந்த நெல்லை உழவு மெஷின் பெட்டியில் ஏற்றுகிறோம். மனதிலுள்ள எண்ணை மூட்டையில் எழுதிவிட்டு ஒன்று கூட்டலாம், கூட்டிவிட்டும் எழுதலாம். பூச்சியத்தில் தொடங்கினால் முதல் மூட்டையில் விழுவது ஒன்றில் 0, மற்றதில் 1. ஏற்றி முடிந்தபின் மனதில் நிற்கும் தொகை இரண்டிலும் ஒன்றே.

*

க++ ஒரு பெறுமதியைத் தருகிறது; மாறியையும் மாற்றுகிறது. தரும் பெறுமதி எது என்பதில் சி உறுதியாக நிற்கிறது. மாற்றம் எந்தக் கணத்தில் நடக்கும் என்று சொல்வதில்லை. எப்படியும் அந்தக் கூற்றின் அரைப்புள்ளிக்குள் நடந்திருக்கும், அவ்வளவுதான்.

"க = க++ போட்டால் க எவ்வளவு, சேர்?"

விடை இல்லை, தம்பி. ஒரே மாறியில் இரண்டு முறை எழுதச் சொல்கிறாய், எது முந்தும் என்ற ஒழுங்கு கிடையாது. 1989 இன் தரம் இதை வரையறுக்காமலே விட்டது. ஓடவிட்டுக் கண்ட எண்ணைக் கொப்பியில் எழுதாதே. நாளை வேறு கொம்பைலர் வேறு எண்ணைத் தரலாம். இதற்கு விடை கேட்கும் வினாத்தாள்கள் பிள்ளைகளுக்குச் செய்வது அநியாயம்.

*

++, -- என்ற இக்குறிகள் சி-க்கு மூத்தவை. 1969–70 அளவில் பி மொழியை ஆக்கிய கென் தொம்சன் தந்தவை. பி.டி.பி-11 இயந்திரத்துக்காகவே வந்தன என்ற கதை இன்னும் உலவுகிறது. பி உருவானபோது அந்த இயந்திரமே இருக்கவில்லை என்று சி-யை ஆக்கிய டெனிஸ் ரிச்சி 1993 இல் எழுதினார். தொம்சனிடம் இருந்தது பி.டி.பி-7. அதன் சில நினைவகக் கலங்களில் உள்ள எண் தானாகவே ஏறும், அது தூண்டியிருக்கலாம். க = க + 1 ஐவிட ++க சிறிய கட்டளையாக மாறியதும் அவருக்குப் பெரிதாகப் பட்டிருக்கலாம். இயந்திரத்தின் நினைவகமே 8 ஆயிரம் சொற்கள் அளவுதான்.

*

குறைக்கும்போது கவனம் வேண்டும். குறியில்லா முழு எண் 0 இல் நிற்க, க-- செய்தால் -1 வராது. 32 பிட்டில் 4294967295 வரும். க >= 0 என்று காவல் வைத்துக் கீழிறங்கும் சுற்று அதனால் நிற்கவே நிற்காது. பின்குறியின் அருமை எனக்கு இங்கேதான் தெரிகிறது. க-வை 10 இல் வைத்து, நிபந்தனையை க-- > 0 என்று எழுதுங்கள். ஒப்பிடுவது பழைய பெறுமதியை. சுற்றின் உள்ளே வருவது 9 முதல் 0 வரை.