இரதியின் ஒப்பாரியும் தலைமையின் செவியும்

தலைமை என்றவுடன் சொல்வன்மை, துணிவு, முடிவெடுக்கும் ஆற்றல் ஆகியனவே பெரும்பாலும் முன்வைக்கப்படுகின்றன. தலைவன் எவ்வாறு பேசவேண்டும் என்பதற்கு இலக்கணம் வகுத்தோர் பலர். அவன் எதனைக் கேட்கவேண்டும் என வினவியோர் சிலரே. இவ்வினாவுக்கு நீதி நூல்களில் மட்டுமன்றி மக்களின் ஆடுகளங்களிலும் விடை தேடலாம். இலங்கையின் மலையகத் தோட்டங்களில் மாசி மாதத்தில் நிகழும் காமன் கூத்து அத்தகைய ஆடுகளங்களுள் ஒன்றாகும்.

ஹற்றனுக்கு அப்பால், கெசல்கமு ஓயாவின் கரைகளில் தேயிலைச் சரிவுகள் சூழ அமைந்துள்ளது பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கு. இத்தகைய தோட்டங்களின் வாழ்வில் தப்பு என்னும் பறைக்கருவி பெற்ற இடம் பெரிது. ஒருகாலத்தில் விடியுமுன் தொழிலாளரை லயங்களிலிருந்து பிரட்டுக்களத்திற்கு அழைத்தது தப்பு. இறந்தோரை வழியனுப்பியதும் அதுவே. திருவிழாவில் தெய்வத்தை வரவேற்றதும் அதுவே. ஆயின் பிரட்டுத் தப்பின் ஒலிக்குக் கீழ்ப்படிதல் ஒன்றே தொழிலாளரால் இயன்றது. கூத்துத் தப்பின் ஒலியிலோ அம்மக்கள் தம் நெஞ்சைத் தாமே பேசுகின்றனர். மாசி அமாவாசையை அடுத்துக் காமன் கம்பம் நடப்பெற்றுத் தொடங்கும் இவ்விழாவின் இறுதி நாள், பகலும் இரவும் பாட்டும் ஆட்டமுமாகக் கழியும் இசை நாளாகும்.

கூத்தின் கதை யாவரும் அறிந்ததே. அசுரரின் கொடுமையால் தேவர்கள் நலிகின்றனர். அவரை மீட்கச் சிவகுமாரன் தோன்றவேண்டும். அதற்குச் சிவனின் தவம் கலையவேண்டும். தவத்தைக் கலைக்குமாறு மன்மதனை ஏவுகிறான் இந்திரன். சென்றால் மீளமுடியாது என இரதி தடுக்கிறாள். கடமைக்குக் கட்டுப்பட்டு மன்மதன் செல்கிறான், நெற்றிக்கண் திறக்கிறது, மன்மதன் சாம்பலாகிறான். பின்னர் எழும் இரதியின் ஒப்பாரியே கூத்தின் உயிர்நிலை. தம் வீட்டு இழப்பைக் கேட்டவர்போல் பார்ப்போரும் அவளுடன் கண்ணீர் வடிக்கின்றனர்.

இக்கதையில் இந்திரன் கொடியவன் அல்லன் என்பது ஈண்டு நோக்கற்பாலது. அவன் கொண்ட நோக்கம் நியாயமானது. அந்நோக்கம் இறுதியில் நிறைவேறவும் செய்கிறது. எனினும் அம்பைத் தொடுத்தவன் மன்மதன், எரிந்தவன் மன்மதன், அழுதவள் இரதி. இந்திரனின் அரியணைக்கோ யாதொரு ஊறும் நேரவில்லை. பலரின் நன்மைக்காக ஒருவனை நெருப்பினுள் அனுப்பும் உரிமை தலைவனுக்கு உண்டா? இதுவே ஆண்டுதோறும் அக்களத்தில் எழும் அறவினா.

இல்லை என்று எளிதில் விடை பகர்ந்துவிட முடியாது. இழப்பின்றி எந்த உரிமையும் பெறப்படவில்லை. 1940 ஆம் ஆண்டு சனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் நிகழ்ந்த போராட்டத்தின்போது கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டிற்குப் பலியானார். உயிரிழப்பு நேரக்கூடும் என்பதால் தொழிலாளர் போராடவே கூடாது என்று கூறின், அஃது அநீதிக்கே துணைபோவதாகும். ஆகவே, இழப்பை வேண்டும் தலைமை யாவும் தீயது எனல் பொருந்தாது. இழப்பவரின் குரல் முடிவு எடுக்கப்படுமுன்னும், எடுக்கப்பட்ட பின்னும் தலைமையின் செவியை எட்டுகிறதா என்பதே உரைகல்லாகும்.

இவ்வுரைகல்லில் தேறாத தலைமைக்கு மலையக வரலாறே சான்று. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட மக்களின் எதிர்காலம், 1964 ஆம் ஆண்டு ஒக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்க, லால் பகதூர் சாஸ்திரி ஆகிய இரு பிரதமர்களும் செய்துகொண்ட ஒப்பந்தத்தினால் தீர்மானிக்கப்பட்டது. நாடற்றோராகக் கணக்கிடப்பட்ட 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்வது என ஏற்பாடாயிற்று. 1974 ஆம் ஆண்டில் அவர்களும் சரிபாதியாகப் பகிரப்பட்டனர். இரு நாடுகளுக்கிடையிலான சிக்கலைத் தீர்த்தல் நியாயமான நோக்கமே. ஆயினும் பங்கிடப்பட்ட மக்கள் அப்பேச்சுவார்த்தையில் ஒரு தரப்பாக அமரவில்லை. பெற்றோர் ஒரு நாட்டிற்கும் பிள்ளைகள் மறுநாட்டிற்கும் உரியவராகிய குடும்பங்கள் உண்டு. மலையகப் புகையிரத நிலையங்களிலிருந்து அவர்களைத் தலைமன்னாருக்கு ஏற்றிச்சென்ற வண்டிக்கு மக்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ எனப் பெயரிட்டனர். களத்தில் இரதி அழுத அழுகை மேடையில் எழுந்தது. ஒப்பந்தம் செய்தோரின் செவிக்கோ அது எட்டாத் தொலைவாயிருந்தது.

இதற்கு மாறான தலைமையும் மலையகத்தில் இருந்தது. 1931 ஆம் ஆண்டு ஹற்றனில் தோட்டத் தொழிலாளருக்கென முதற் சங்கத்தை நிறுவிய கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மை, தொழிலாளர் நிலையைப் பாட்டாக்கிக் கூட்டங்களிற் பாடினார். அவர்தம் பாடல்கள் ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்னும் தலைப்பில் 1940 ஆம் ஆண்டில் நூலாயின. கல்வி மறுக்கப்பட்டிருந்த மக்களுக்கு அறிக்கையைக் காட்டிலும் பாட்டே நெருங்கியது என அவர் உணர்ந்தமை வெறும் பிரசார உத்தியன்று. பிறர் துயரைப் பாடவேண்டுமாயின் முதலில் அதனைக் காதுகொடுத்துக் கேட்டிருக்கவேண்டும். தப்படிப்பவர் ஆடுவோரின் காலடியில் கண்வைத்தே தம் அடியை அமைப்பது போல, மக்களின் மூச்சை அறிந்தே அப்பாட்டு பிறந்தது. கூட்டத்தை நடத்துபவரும் அதற்குக் கட்டுப்பட்டவரே என்பதனை இசை கற்பிக்கின்றது.

வள்ளுவரும் வேந்தனின் சிறப்பினைக் கூறுமிடத்துச் செவிக்குக் கசக்கும் சொல்லைப் பொறுக்கும் பண்பினைப் போற்றினார். கசப்பான சொற்களுள் மிகக் கசப்பானது, தன் முடிவால் துயருற்றவரின் அழுகையன்றோ? அறிவுரையை அமைச்சர் கூறக் கேட்கலாம். ஆயிரம் பேரின் கண்ணீரைப் புள்ளிவிவரமாகவும் வாசிக்கலாம். ஒப்பாரியையோ நேரில் நின்றே கேட்க வேண்டும். அவ்வாறு கேட்டவன் அடுத்த ஆணையைப் பிறப்பிக்குமுன் ஒருகணமேனும் தயங்குவான். அத்தயக்கத்தைப் பலவீனம் எனக் கருதுவோர் உளர். அறத்தின் தொடக்கம் அதுவேயாகும்.

புராணத்தின் முடிவும் சிந்தனைக்குரியது. இரதியின் வேண்டுகோளுக்கு இரங்கி மன்மதனுக்கு மீண்டும் உயிரளித்தவர் எரித்த சிவனே. ஆயினும் அவ்வுயிர் உருவற்றது. இரதியின் கண்ணுக்கு மட்டுமே புலப்படுவது. முழு இழப்பீடு எங்கும் இல்லை என்பதனைக் கதை மறைக்கவில்லை. ஏவிய இந்திரனின் ஆறுதலும் அவ்விழப்பை ஈடுசெய்ய இயலாது. அவ்வெற்றிடத்தை நிரப்புபவர் களத்தைச் சூழ்ந்து நிற்கும் மக்களே. தலைவன் கேளாத அழுகையை அவர்கள் ஆண்டுதோறும் ஓரிரவு முழுதும் கேட்கின்றனர். விடிந்ததும் கூடையைச் சுமந்து கொழுந்து பறிக்கச் செல்லும் அம்மக்கள், தம்மை வழிநடத்த வருவோரிடம் எதிர்பார்ப்பதும் அதுவே: அந்த இரவில் அவரும் அக்களத்தில் நின்றிருக்க வேண்டும்.