பக்கத்து இருக்கை

அடிக்கடி ஆகாய விமானத்தில் பிரயாணம் செய்கிறவனைக் கண்டு ஜனங்கள் முதலில் பொறாமைப்படுகிறார்கள். அவன் போகிற ஊர்களில் அவன் காண்பதெல்லாம் ஆலோசனைக் கூட்டமும் ஓட்டல் அறையுமே என்று தெரிந்தவுடன் அந்தப் பொறாமை அநுதாபமாக மாறிவிடுகிறது. இரண்டும் அவசியமற்றவை. உத்தியோக நிமித்தமாகப் பல வருஷங்களாகச் சென்னைக்கும் டில்லிக்கும், சென்னைக்கும் வளைகுடா நாடுகளுக்குமாகப் போய்வந்துகொண்டிருக்கும் எனக்கு, போய்ச் சேர்ந்த ஊர்களைப் பற்றி ஞாபகத்தில் தங்கியிருப்பது சொற்பம். வழியில் கிடைத்த சில்லறைச் சந்தோஷங்களும், பெயர்கூடக் கேட்டுக்கொள்ளாமல் பிரிந்துவிட்ட சக பிரயாணிகளுமே மனத்தில் நிலைத்திருக்கிறார்கள்.

35,000 அடி உயரத்தில், வெளியே பூஜ்யத்துக்குக் கீழே ஐம்பது டிகிரிக் குளிர் நிலவ, உள்ளே நாம் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு பத்திரிகை வாசிக்கிறோம் என்பதே ஓர் ஆச்சரியந்தான். உள்ளே நிரப்பப்படும் காற்றின் அழுத்தம் தரைமட்டத்துக்கு உரியதன்று. பெரும்பாலும் 6,000 முதல் 8,000 அடி வரை உயரமுள்ள மலையின்மேல் இருக்கக்கூடிய அழுத்தமே அது. உதகமண்டலம் ஏறக்குறைய 7,350 அடி. ஆகவே மீனம்பாக்கத்தில் ஏறி அமர்ந்தவன், கொண்டையூசி வளைவு ஒன்றைக்கூடக் காணாமல், அரை மணிக்குள் உதகைக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறான். மலையின் ஈரம் மட்டும் அங்கே கிடையாது. காற்றின் வறட்சியாலும் அழுத்தக் குறைவாலும் உப்பும் தித்திப்பும் நாக்குக்கு மந்தமாகத்தான் தெரிகின்றன. ஜெர்மானியர்கள் தரையில் அவ்வளவாக நாடாத தக்காளிச் சாற்றை விமானத்தில் ஏறியதும் விரும்பிக் கேட்கிறார்களே என்று வியந்து, லுஃப்தான்ஸா கம்பெனியார் அதற்குக் காரணம் கண்டறிய ஆராய்ச்சியே செய்வித்தார்கள். நம்மவர்களுக்கு அந்த ஆராய்ச்சி தேவைப்படவில்லை. மகளின் பிரசவத்துக்காக டில்லிக்குப் போய்க்கொண்டிருந்த ஓர் அம்மாள், விமானத்தார் கொடுத்த ரொட்டியை ஒரு பார்வையிலேயே நிராகரித்துவிட்டு, எவர்சில்வர் சம்புடத்தைத் திறந்து, "எடுத்துக்கோங்க தம்பி, நல்லெண்ணெய் தாராளமா விட்டிருக்கேன்" என்று மிளகாய்ப்பொடி தடவிய இட்லியை நீட்டினார். அன்றைக்குத்தான் ஆகாயத்தில் என் நாக்கு விழித்துக்கொண்டது.

ஜன்னலோரத்துச் சுகம் ஒன்று உண்டு. அதைப் பலர் அறியார். வெயில் ஏறிய வேளையில், சூரியனுக்கு எதிர்ப்புறத்து ஜன்னல் கிடைத்து, கீழே மேகம் சமமாகப் பரந்திருந்தால், விமானத்தின் நிழல் அதன்மேல் ஓடிவருவதையும், அந்நிழலைச் சூழ்ந்து, உள்ளே நீலமும் வெளியே சிவப்புமாகச் சிறிய வர்ண வட்டம் ஒன்று கூடவே வருவதையும் காணலாம். ஸி. டி. ஆர். வில்ஸன் என்ற ஸ்காட்லாந்து விஞ்ஞானி 1894-ஆம் வருஷம் பென் நெவிஸ் மலையுச்சியில் இத்தகைய ஒளிவட்டங்களைக் கண்டு பிரமித்து, அவற்றை ஆய்வுச்சாலையில் உண்டாக்கிப் பார்க்க முயன்றதிலிருந்துதான், அணுத்துகள்களின் தடத்தைக் கண்ணுக்குக் காட்டும் மேகக்கூடம் பிறந்தது. அதற்காக 1927-இல் அவருக்கு நோபெல் பரிசும் கிடைத்தது. இந்த வட்டத்தின் விசேஷம் என்னவென்றால், அதன் மையம் காண்கிறவன் உட்கார்ந்திருக்கும் இடத்தின் நிழலிலேயே விழும் என்பது. இதை அறியாத ஒரு சிறுவன், என் வரிசையில் ஜன்னலோரம் இருந்து பார்த்தவன், முன்வரிசையில் அமர்ந்திருந்த தன் தகப்பனாரிடம், பெட்டிகள் வரும் இடத்தில், "வட்டம் றெக்கைக்குப் பின்னாலதாம்ப்பா இருந்துச்சு" என்று சாதித்தான். அவரோ மூக்குப் பக்கத்தில்தான் என்று மறுத்தார். இருவர் கண்டதும் மெய்யே என்று தீர்ப்புச் சொல்வதற்குள் என் பெட்டி வந்துவிட்டது.

ஆயினும், இவையெல்லாம் பக்கத்து இருக்கைக்கு அடுத்தபடிதான். ரயிலில் நாம் எதிரெதிரே அமர்கிறோம். விமானத்திலோ எல்லோரும் ஒரே திசையை நோக்கி, முன்னிருப்பவனுடைய தலையின் பின்புறத்தைத் தரிசித்தபடி உட்காருகிறோம். சம்பாஷணைக்கு இது இடையூறு என்றே முதலில் தோன்றும். ஆனால், கண்ணோடு கண் நோக்க வேண்டிய நிர்ப்பந்தம் இல்லாததாலேயே, முகத்துக்கு நேரே சொல்லக் கூச்சப்படும் விஷயங்கள் பக்கவாட்டில் சரளமாக வருகின்றன. இயந்திரத்தின் இடைவிடாத இரைச்சல், அடுத்த வரிசைக்கு நம் பேச்சு எட்டாதபடி திரை போட்டுவிடுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த உறவு எத்தனை மணிக்கு முடியும் என்பது டிக்கெட்டிலேயே அச்சாகியிருக்கிறது. சொந்தக்காரனிடம் சொன்ன சொல் கல்யாண வீட்டில் திரும்பி வரும். இவனிடம் சொன்ன சொல் எங்கே திரும்பி வரப்போகிறது? அமெரிக்க உளவியலறிஞர் ஸிக் ரூபின், 1970-களில், பாஸ்டன் விமான நிலையத்தில் காத்திருந்த பிரயாணிகளை அணுகித் தங்களைப் பற்றிச் சில வரிகள் எழுதித் தரும்படி கேட்டபோது, முன்பின் அறியாத மனிதர்கள் தயங்காமல் தங்கள் அந்தரங்கத்தை எழுதிக் கொடுத்தார்களாம்.

சென்னையிலே அப்படியொரு தாளைச் சர்க்காரே நம் கையில் கொடுத்துவந்தது. வெளிநாடு செல்லும் இந்தியர் புறப்பாட்டுச் சீட்டு ஒன்றைப் பூர்த்தி செய்து குடியேற்ற அதிகாரியிடம் கொடுக்க வேண்டும் என்ற விதி இருந்த காலத்தில், சட்டைப் பையில் பேனா வைத்திருப்பவனைச் சுற்றி எப்போதும் நாலைந்து பேர் நிற்பார்கள். "சார், இதைக் கொஞ்சம் எழுதித் தர்றீங்களா? கையெழுத்து மட்டும் நான் போட்டுர்றேன்" என்று பாஸ்போர்ட்டை நீட்டிய அறந்தாங்கிப் பக்கத்து இளைஞர் ஒருவர், பின்னர் விமானத்தில் பார்த்தால், எனக்குப் பக்கத்து இருக்கைக்காரராகவே வாய்த்தார். அவருடைய பிறந்த தேதியையும் விலாசத்தையும் என் கையாலேயே எழுதியாகிவிட்டபடியால், எங்களுக்குள் அறிமுகம் என்ற சடங்கு மிச்சமிருக்கவில்லை. ஷார்ஜாவில் மின்சார வேலை. லீவு முழுவதும் வீடு கட்டி முடிப்பதிலேயே கழிந்திருந்தது. கைபேசியில் வாசற்கதவின் படத்தைக் காட்டினார். ஏதோ ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டைப் பிரித்தபோது காரைக்குடியில் விலைக்கு வாங்கிய தேக்குக் கதவு. பித்தளைக் குமிழ்களில் ஒன்று மட்டும் விழுந்துபோய், அந்த இடம் சிறு குழியாகத் தெரிந்தது. "முகூர்த்தம் என் லீவுக்குள்ள விழலை சார். வர்ற வெள்ளிக்கெழமை பால் காய்ச்சுறாங்க. கதவை நான் சாத்தித் தொறந்து பார்த்தேன், அவ்வளவுதான்" என்றார். அதற்கு என்ன பதில் சொல்வது? நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரும் அதை எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. சற்று நேரம் கழித்து, முன்புறத்துச் சுவருக்குச் சந்தன நிறம் நன்றாயிருக்குமா, வெளிர்பச்சை நன்றாயிருக்குமா என்று என் அபிப்பிராயத்தைக் கேட்டார். தேக்குக்குச் சந்தனந்தான் பொருந்தும் என்று, வர்ணங்களைப் பற்றி யாதொரு ஞானமும் இல்லாத நான், மிகுந்த தீர்மானத்தோடு சொன்னேன்.

அந்த வீட்டுக்கு என்ன வர்ணம் பூசினார்கள் என்பது எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள வழியுமில்லை. இதைக் குறையாகச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். விலாசம் வாங்கிக்கொள்ள வேண்டாமா, சிநேகத்தை வளர்க்க வேண்டாமா என்பார்கள். நானும் பெயர்ச்சீட்டுகள் வாங்கிப் பார்த்தவன்தான். பொங்கல் வாழ்த்தாகச் சுருங்கி, பிறகு அதுவும் நின்றுபோவதைத் தவிர அந்தச் சிநேகங்களால் விளைந்தது ஒன்றுமில்லை. நமக்குத் தெரிந்தவர்களிடம் நாம் காட்டும் பரிவில், நாளைக்கு அவர்கள் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்ற கணக்கு ஒரு சிறிதேனும் கலந்தே இருக்கிறது; மறுபடி காணப்போவதில்லை என்று உறுதியாகத் தெரிந்த ஒருவருக்குப் போர்வையை இழுத்துவிடும்போதுதான் அந்தக் கணக்கு இல்லாமல் போகிறது.

2017 ஜூலையிலிருந்து அந்தப் புறப்பாட்டுச் சீட்டு இந்தியருக்கு வேண்டியதில்லை என்று ஆகிவிட்டது. வரிசை விரைவாக நகர்கிறது. பேனா கேட்பாரும் இல்லை. போதாக்குறைக்கு, ஏறி உட்கார்ந்தவுடன் இளைஞர்கள் காதை அடைத்துக்கொண்டு விடுகிறார்கள். அதை நான் குற்றமாகக் கருதவில்லை. துக்கத்துக்குப் போகிறவர்களும் அதே விமானத்தில்தான் வருகிறார்கள். பேச விரும்பாதவனைப் பேசவைப்பதைக் காட்டிலும் பெரிய அநாகரிகம் பிரயாணத்தில் வேறில்லை.

பேசினாலும் பேசாவிட்டாலும் பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும் என்பதற்காக இப்போதெல்லாம் நான் நடு இருக்கையையே கேட்டு வாங்குகிறேன். இரண்டு பக்கத்துக் கைப்பிடிகளும் நடுவில் இருப்பவனுக்கே சொந்தம் என்பது நல்ல பிரயாணிகளிடையே எழுதாத சட்டம். ஜன்னலுக்கும் நடைவழி ஓரத்துக்கும் கம்பெனிகள் தனியாகப் பணம் பிடுங்குகின்றன. நடு இருக்கைக்கு அநேகமாக ஒன்றும் கேட்பதில்லை. போன மாதம் டில்லிக்குப் புறப்பட்டபோது, கவுண்ட்டரில் இருந்த பெண் என்னை இரண்டு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "ஓரத்து ஸீட் காலியாத்தான் இருக்கு சார், காசு வேண்டாம், மாத்தித் தரட்டுமா?" என்று மிகுந்த இரக்கத்தோடு கேட்டாள். வேண்டாம் அம்மா என்று சொல்லி நடு இருக்கைக்கே சீட்டு வாங்கிக்கொண்டேன்.