கூலிக்கு எழுதிய ஆய்வேடும் வேள்வியின் பலனும்

ஒருவர் உழைப்பின் பலன் கூலி கொடுத்த மற்றவரைச் சேரலாம் என்பதை இந்தியச் சமய மரபு முற்றிலும் மறுத்துவிடவில்லை. வேதச் சடங்குகளின் விதிகளை ஆராயும் தத்துவ நெறியாகிய மீமாம்சை, வேள்வியைச் செய்து முடிப்பவர்கள் தட்சிணை பெற்ற புரோகிதர்களே ஆயினும் அதன் பலன் செய்விப்பவனாகிய யஜமானனுக்கே உரியது என்கிறது. வில்லியனூர்த் திருக்காமீசுவரர் கோயிலில் அர்ச்சனைச் சீட்டு வாங்கிப் பெயரும் நட்சத்திரமும் சொல்பவருக்கும், மந்திரம் குருக்கள் வாயிலிருந்து வந்தாலும் புண்ணியம் தமக்கே என்பதில் ஐயம் எழுவதில்லை. அப்படியானால், காசு கொடுத்து எழுதி வாங்கிய ப்ராஜெக்டின் மதிப்பெண் மட்டும் மாணவருக்கு ஏன் உரியதாகாது என்ற கேள்வியை எளிதில் தள்ளிவிட முடியாது.

இவ்வகை மோசடிக்கு 'ஒப்பந்த ஏமாற்று' எனப் பொருள்படும் பெயரை 2006இல் இங்கிலாந்தின் கிளார்க், லங்காஸ்டர் ஆகிய இருவர் வழங்கினர். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகள், ஆய்வேடு பிறர் எழுத்தோடு ஒத்திருக்கும் அளவு 10 விழுக்காட்டைத் தாண்டினால் திருத்தி அளிக்கச் சொல்கின்றன. 60ஐத் தாண்டினால் பதிவையே நீக்குகின்றன. ஆனால் மென்பொருள் ஒப்புமையை மட்டுமே அளக்கும் என்பதால், கூலிக்கு அமர்ந்தவர் புதிதாக எழுதிய பக்கம் குற்றமற்றதாகத் தேறிவிடுகிறது.

விடை மீமாம்சைக்குள்ளேயே இருக்கிறது. வேள்வியில் முடி மழித்தல், விரதம் இருத்தல் போன்றவை 'சம்ஸ்காரம்', அதாவது செய்பவரையே தகுதிப்படுத்தும் செயல்கள் என்பதால், அவற்றை யஜமானன் தானே செய்தாக வேண்டும். அங்கே தட்சிணைக்கு இடமில்லை. திரௌபதி அம்மன் கோயில் தீமிதிக்குக் காப்புக் கட்டிக்கொண்டவர் தம் பட்டினியைப் பணம் கொடுத்து இன்னொருவரிடம் ஒப்படைப்பதில்லை. கல்வி இந்த இனத்தைச் சேர்ந்தது. பாகூரில் கிடைத்த, பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்து 9ஆம் நூற்றாண்டுச் செப்பேடு, அவ்வூர் வித்தியாஸ்தானத்துக்கு, அதாவது உயர்கல்விக் கூடத்துக்கு, மூன்று ஊர்கள் கொடுக்கப்பட்டதைப் பதிவு செய்கிறது. கொடுத்தவருக்குத் தானப் புண்ணியம் உண்டு, ஆனால் அறிவு அங்கே அமர்ந்து ஓதியவர்களுக்கு மட்டுமே வாய்த்திருக்கும்.

இந்த அளவுகோலால் பார்த்தால், விலைக்கு எழுதப்பட்ட ஆய்வேட்டின் உண்மையான பலன், தரவைத் திரட்டி, அட்டவணை போட்டு, பிழை கண்டு திருத்திய அந்தக் கூலி எழுத்தாளரிடம் தங்கிவிடுகிறது. முதற்பக்கத்து உறுதிமொழியில் கையெழுத்திட்டவரிடம் பட்டம் மட்டுமே சேர்கிறது. எனினும் பழியை மாணவர் தலையில் மட்டும் சுமத்துவது நியாயமன்று. தமிழ்வழியில் படித்து, வீட்டிலேயே முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்த ஒரு விவசாயக் குடும்பத்துப் பெண்ணிடம் நூறு பக்க ஆங்கில ஆய்வேட்டைக் கேட்டுவிட்டு, அதன் ஒரு வரைவையும் படிக்காமல் ஸ்பைரல் பைண்டிங் செய்த இறுதிப் பிரதியில் கையொப்பமிடும் வழிகாட்டி, சம்ஸ்காரம் நிகழ வேண்டிய இடத்தை முன்னதாகவே காலி செய்துவிடுகிறார். அவள் தன் தமிழில் எழுதிய பத்துப் பக்கத்தை மாதந்தோறும் எதிரே அமர்ந்து படித்து, ஏன் இப்படி எழுதினாய் என்று கேட்கும் ஆசிரியர் இருந்திருந்தால், ஆள் வைத்து எழுதும் தேவையே அவளுக்கு வந்திராது.