பரிணாமமும் பரம்பொருளும்

மனிதன் பிற உயிரினங்களின் வழியாகப் படிப்படியாகத் தோன்றியவன் என்று கல்லூரியில் கற்கிறோம். இறைவனே அனைத்தையும் படைத்தான் என்று வீட்டில் வழிபடுகிறோம். இவ்விரண்டில் எதை ஏற்பது? நம் துறவியரிடம் இளைஞர்கள் அடிக்கடி எழுப்பும் வினா இது. அவர்கள் கேட்கும் குரலில் அறிவார்வத்துடன் சற்று அச்சமும் கலந்திருக்கிறது. பாடத்தை ஏற்றால் பக்தி கரைந்துவிடுமோ, பக்தியைக் காத்தால் அறிவுக்குத் துரோகம் செய்தவராவோமோ என்ற அச்சம். பலர் மனத்தை இரு அறைகளாகப் பிரித்துக்கொள்கின்றனர். தேர்வுக்கு ஒன்று, பூஜைக்கு மற்றொன்று. உண்மையைக் கண்டு ஒளியும் பக்தி நெடுநாள் நிலைக்காது. ஆகவே இவ்வினாவை நேருக்கு நேர் சந்திப்பதே நல்லது.

அறிவியல் கூறுவது என்ன?

இங்கிலாந்தைச் சேர்ந்த சார்லஸ் டார்வின் 1831 முதல் 1836 வரை 'பீகிள்' கப்பலில் உலகைச் சுற்றி வந்து உயிரினங்களை ஆராய்ந்தார். அவரும், மலாய்த் தீவுகளில் தனியே ஆய்வு செய்த ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸும் ஏறத்தாழ ஒரே முடிவுக்கு வந்தனர். இருவர் கருத்துகளும் 1858-இல் லண்டன் லின்னேயன் சங்கத்தில் ஒன்றாகப் படிக்கப்பட்டன. 1859-இல் டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்' வெளிவந்தது.

அவர்களது கருத்தின் சாரம் எளியது. ஓர் இனத்தின் உயிர்கள் யாவும் ஒன்றுபோல் இருப்பதில்லை; சிறு வேறுபாடுகளுடனேயே பிறக்கின்றன. சூழ்நிலைக்குப் பொருந்தும் வேறுபாடுகளை உடையவை அதிகம் பிழைத்து, அதிகச் சந்ததிகளை விட்டுச் செல்கின்றன. எண்ணற்ற தலைமுறைகளில் இவை திரண்டு புதிய இனங்கள் உருவாகின்றன. இன்றைய குரங்கு மனிதனாக மாறியது என்று இக்கொள்கை கூறவில்லை. இருவருக்கும் தொன்மையான பொது மூதாதையர் உண்டு என்பதே அது கூறுவது.

பின்வந்த மரபணு ஆய்வுகள் இதற்கு மேலும் வலுவூட்டின. மனித உயிரணுவில் 46 குரோமோசோம்கள் உள்ளன, சிம்பன்சிக்கு 48. நமது இரண்டாவது குரோமோசோம், முன்பு தனித்தனியாக இருந்த இரண்டு இணைந்து உருவானது என்பதற்கான அடையாளங்கள் அதிலேயே காணப்படுகின்றன. பூமியின் வயது ஏறத்தாழ 454 கோடி ஆண்டுகள். நம் மனித இனம் தோன்றி ஏறத்தாழ மூன்று லட்சம் ஆண்டுகளே ஆகின்றன. இவை ஊகங்கள் அல்ல. பல துறைகளின் சான்றுகள் ஒருமித்துக் காட்டும் உண்மைகள். இவற்றை மறுப்பதால் இறைவனின் பெருமை சிறிதும் கூடப்போவதில்லை.

மோதல் எங்கே எழுந்தது?

பதினேழாம் நூற்றாண்டில் அயர்லாந்தின் பேராயர் அஷர், விவிலியத்தின் வம்ச வரிசைகளைக் கொண்டு, உலகம் கி.மு. 4004-இல் படைக்கப்பட்டதாகக் கணக்கிட்டார். ஒவ்வோர் இனமும் இன்றுள்ள வடிவிலேயே தனித்தனியாகப் படைக்கப்பட்டது என்று அந்நாளில் பலர் நம்பினர். இத்தகைய நம்பிக்கைக்குப் பரிணாமக் கொள்கை பேரிடியாக அமைந்தது. 1925-இல் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்திலுள்ள டேட்டன் நகரில், இக்கொள்கையைக் கற்பித்ததாக ஜான் ஸ்கோப்ஸ் என்ற ஆசிரியர் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார்.

ஆனால் தொடக்கத்திலிருந்தே மறுபக்கமும் உண்டு. அமெரிக்கத் தாவரவியல் அறிஞர் ஏசா கிரே ஆழ்ந்த கிறிஸ்தவ நம்பிக்கை உடையவர். டார்வினுக்காக அந்நாட்டில் வாதாடியவரும் அவரே. தம்மைத் தாமே வளர்த்துக்கொள்ளும் ஆற்றலுடன் உயிர்களைப் படைத்த இறைவன் எவ்வகையிலும் குறைந்தவன் அல்லன் என்ற கருத்தை, பாதிரியாரான சார்லஸ் கிங்ஸ்லி 1859-இலேயே டார்வினுக்கு எழுதினார். 1996-இல் போப் இரண்டாம் ஜான் பால் பரிணாமம் வெறும் கருதுகோள் என்ற நிலையைக் கடந்துவிட்டது என்று ஏற்றுக்கொண்டார். ஒருவர் உறுதியான ஆத்திகராகவும் பரிணாமத்தை ஏற்பவராகவும் இருக்க முடியும் என்பதில் டார்வினுக்கே ஐயம் இருக்கவில்லை. 1879-இல் எழுதிய கடிதமொன்றில் அவர் இதைத் தெரிவித்திருக்கிறார்.

அப்படியானால் பரிணாமம் எந்தக் கடவுளுடன் மோதுகிறது? உலகிற்கு வெளியே அமர்ந்து, குயவன் பானை வனைவதுபோல் ஒவ்வோர் உயிரையும் தனியே வனைந்து வைத்த கடவுளுடன்தான். நாம் அறியாத இடங்களை நிரப்புவதற்காக மட்டுமே இறைவனை அழைப்போமானால், அறிவு வளர வளர அவன் இருப்பிடம் சுருங்கிக்கொண்டே போகும்.

பிருகுவின் தேடல்

நம் முன்னோர் இறைவனை வேறு வழியில் தேடினர். தைத்திரீய உபநிடதத்தில் பிருகு தன் தந்தை வருணனை அணுகி, பிரம்மத்தை உபதேசிக்குமாறு வேண்டுகிறான். உயிர்கள் தோன்றுவதற்கும் நிலைபெறுவதற்கும் ஒடுங்குவதற்கும் ஆதாரமானது எதுவோ, அதை அறிய முயலுமாறு தந்தை பணிக்கிறார். பிருகு தவம் செய்கிறான். முதலில் அவன் காண்பது அன்னம், அதாவது பருப்பொருள். உடல்கள் அதிலிருந்து தோன்றி, அதனால் வளர்ந்து, அதிலேயே கலக்கின்றன அல்லவா?

மீண்டும் வந்து நின்ற மகனிடம், நீ கண்டது தவறு என்று வருணன் கூறவில்லை. தவத்தைத் தொடருமாறு மட்டுமே கூறுகிறார். பிருகு பிராணன், மனம், விஞ்ஞானம் என்று மேன்மேலும் சென்று, இறுதியில் ஆனந்தமே பிரம்மம் என்று உணர்கிறான். அந்த நிலையை அடைந்த பிறகும், அன்னத்தைப் பழிக்கலாகாது என்பதை ஒரு விரதமாகவே அவ்வுபநிடதம் விதிக்கிறது.

நம் வினாவிற்கான விடை இதில் அடங்கியிருக்கிறது. பரிணாம அறிவியல், அன்னத்தை ஆராய்ந்து கண்ட அரிய உண்மை. உடல்கள் எவ்வாறு உருவாயின என்பதை அது விளக்குகிறது. அந்த விளக்கத்தை அறிந்துகொள்ளும் உணர்வு யாது, எல்லாவற்றிற்கும் ஆதாரமான இருப்பு யாது என்பவை பிருகுவின் அடுத்த படிகள். முதற்படியைப் பழிப்பவன் மேலே ஏற இயலாது. முதற்படியிலேயே அமர்ந்து, இதற்கு மேல் எதுவும் இல்லை என்பவனும் ஏற இயலாது.

அலிப்பூரில் சுவாமிஜி

1890-களின் பிற்பகுதியில் சுவாமி விவேகானந்தர், சகோதரி நிவேதிதை முதலானோருடன் கல்கத்தாவின் அலிப்பூர் விலங்குக் காட்சிசாலைக்குச் சென்றார். அதன் கண்காணிப்பாளர் ராமபிரம்ம சன்யால் அவர்களை வரவேற்றுச் சுற்றிக் காட்டினார். பேச்சு பரிணாமத்தை நோக்கித் திரும்பியது. டார்வினின் கொள்கையைச் சுவாமிஜி புறக்கணிக்கவில்லை. ஆயினும் அதுவே முடிந்த முடிவு என்றும் ஏற்கவில்லை. பதஞ்சலி முனிவரின் கருத்தை அவர் எடுத்துக்காட்டினார்.

வயலுக்கு நீர் பாய்ச்சும் உழவன் நீரைத் தள்ளிக்கொண்டு போவதில்லை. மடையைத் திறக்கிறான், நீர் தானே பாய்கிறது. அதுபோல, முழுமை உள்ளேயே இருக்கிறது. தடைகள் நீங்கும் அளவுக்கு அது வெளிப்படுகிறது. யோக சூத்திரங்களில் வரும் இவ்வுவமையைப் பரிணாமத்திற்குப் பொருத்தியது சுவாமிஜியின் தனிச்சிறப்பு.

பின்னர் அவர் மற்றொன்றையும் விளக்கினார். பிழைப்பதற்கான போராட்டம் விலங்கு நிலைக்குப் பொருந்தும். மனித நிலையிலோ, பிறருக்காக எவன் அதிகம் தியாகம் செய்கிறானோ அவனே உயர்ந்தவன் என்றார். வலியவன் வாழ்வதே இயற்கை நியதி என்று கூறி எளியோரை நசுக்குபவர்களுக்கு இதுவே தக்க பதில்.

இரண்டு எச்சரிக்கைகள்

இங்கே நாம் தற்பெருமைக்கு இடம் கொடுக்கலாகாது. பிரம்மாவின் பகல் 432 கோடி ஆண்டுகள் என்பதையும், மச்சம் கூர்மம் என்னும் அவதார வரிசையையும் காட்டி, டார்வின் கூறியதெல்லாம் நம்மிடம் முன்பே உண்டு என்று பேசுவோர் உளர். அவதாரங்கள் இறைவனின் கருணையைக் கூற வந்தவை. மாணிக்கவாசகர் சிவபுராணத்தில் பல பிறவிகளைப் பற்றிப் பாடுவது, உயிர் எடுக்கும் பிறவிகளின் பயணத்தை. உடலினங்களின் வரலாற்றை அன்று. ஆன்மிக நூல்களை உயிரியல் நூல்களாக்குவது இரண்டிற்கும் செய்யும் அநீதி.

மற்றொன்று, துன்பத்தைப் பற்றியது. 1851-இல் டார்வினின் அருமை மகள் ஆனி, பத்து வயதில் நோயுற்று இறந்தாள். பிற உயிரின் உடலுக்குள் முட்டையிட்டு, அதை உயிரோடு உண்டு வளரும் குளவிகளைக் கருணைமிக்க ஒருவன் திட்டமிட்டுப் படைத்திருப்பானா என்றும் அவர் வருந்தினார். நம்பிக்கை உடையவர்கள் அஞ்ச வேண்டியது உண்மையில் இந்த வினாவைத்தான், புதைபடிவங்களை அல்ல. பிள்ளையைப் பறிகொடுத்தவரிடம் கர்மவினை என்று கூறிவிட்டு நகர்வது ஆன்மிகம் ஆகாது. இறைவன் தூரத்திலிருந்து வேடிக்கை பார்ப்பவன் அல்லன். துன்புறும் உயிருக்குள்ளும் அவனே உறைகிறான் என்கிறது வேதாந்தம். இதனால் வலி மறைந்துவிடாது. ஆனால் நம் கடமை தெளிவாகிறது. துன்புறுபவரிடம் சென்று, அவருள் உறையும் இறைவனுக்குத் தொண்டாற்ற வேண்டும்.

ஆதலால் இளைஞர்களே, உங்கள் மனத்தின் இரு அறைகளுக்கு இடையேயுள்ள சுவரை அகற்றிவிடுங்கள். ஆய்வுக்கூடத்தில் சான்றுகளை நேர்மையோடு ஆராயுங்கள். அதே நேர்மையோடு தியானத்தில் அமருங்கள். கோடானுகோடி ஆண்டுகள் இயற்கை உழைத்து உருவாக்கிய இந்த அரிய உடலையும் மனத்தையும், வெறும் பிழைப்புக்காக மட்டும் செலவிட்டுவிடாதீர்கள். பிருகுவைப்போல் தேடலைத் தொடரும் உறுதியை இறைவன் நம் அனைவருக்கும் அருள்வானாக!