முருகன் பார்த்துப்பான்



2025 தைப்பூசத்துக்கு சிவகாசியிலிருந்து திருச்செந்தூருக்கு நாங்க 22 பேர் பாதயாத்திரை போனோம். போட்டோ எல்லாம் குரூப்ல பார்த்திருப்பீங்க. கழுத்துல பச்சைத் துண்டு, நெத்தியில விபூதியோட ஒரு செவலை நாய் எங்ககூட நடந்து வந்துச்சே, அந்த போட்டோதான் அதிகமா ஃபார்வர்ட் ஆச்சு. "முருகன் அனுப்பிய பைரவர்"னு யாரோ அதுக்குத் தலைப்பு வச்சாங்க. யாரோ என்ன, நான்தான் வச்சேன். போட்டோவுல வராத மிச்சத்தை இப்ப எழுதுறேன்.

முதல் நாள் ராத்திரி சிவகாசியில கிளம்பி, விடியக்காலம் சாத்தூர்ல ஒரு டீக்கடையில உட்கார்ந்தோம். கடை வாசல்ல ஒரு நாய் படுத்திருந்துச்சு. நான் ரெண்டு பிஸ்கட் போட்டேன். வாலாட்டிச்சு. இன்னும் ரெண்டு போட்டேன்.

எங்ககூட வந்த ஒரு அண்ணன் பட்டாசு ஆலையில மருந்து கலக்குறவர். "இந்த வருஷமும் உசுரோட இருக்கேன்"னு முருகனுக்குச் சொல்லத்தான் வருஷா வருஷம் நடக்குறார். நம்ம பக்கம் அதுக்கு விளக்கம் தேவையில்ல. அவர் மட்டும் சொன்னார்: "தம்பி, போடாத. கூட வந்துரும். வந்தா திரும்பக் கொண்டாந்து விடணும். அது உன்னால ஆகுமா?"

எனக்குக் கோபம்தான் வந்துச்சு. ஒரு வாயில்லாத ஜீவனுக்கு நாலு பிஸ்கட் போடக் கூடாதா, என்ன மனுசன் இவர்னு நினைச்சேன்.

அண்ணன் சொன்ன மாதிரியே அது கூட வந்துச்சு. கோவில்பட்டி வரைக்கும் வேடிக்கையா இருந்துச்சு. எட்டயபுரம் தாண்டினதும் கரிசல்காடு. நிழலுக்கு சீமைக்கருவேலம் மட்டும்தான். பகல் 12 மணிக்கு தார் ரோடு எங்க காலையே சுட்டுச்சு. நாய்க்கு நம்மள மாதிரி உடம்பெல்லாம் வேர்க்காது. உள்ளங்கால்ல கொஞ்சம் வேர்க்கும், மத்தபடி நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டை இறக்கணும். அந்த உள்ளங்காலைத்தான் கொதிக்கிற தார்ல வச்சு நடந்துச்சு. நாங்க அதுக்கு வேலன்னு பேர் வச்சோம். தூத்துக்குடி உப்பளம் எல்லாம் கடந்து, முக்காணிகிட்ட தாமிரபரணியைப் பார்த்ததும் இறங்கிக் குடிச்சுது பாருங்க, ஒரு அஞ்சு நிமிஷம் தலையே தூக்கல. அந்த வீடியோவும் என்கிட்ட இருக்கு.

திருச்செந்தூர்ல தைப்பூசக் கூட்டம் உங்களுக்குத் தெரியும். வேலனை ஒரு ஓரமா உட்கார வச்சுட்டு தரிசனத்துக்குப் போனோம். வெளிய வர நாலு மணி நேரம் ஆச்சு. அதுவரைக்கும் அதே இடத்துலயே உட்கார்ந்திருந்துச்சு. அப்போ பக்கத்துல யாரோ சரவெடி கொளுத்தினாங்க. வேலன் எங்க கால் இடுக்குல புகுந்து, நடுங்கி, அடுத்த வெடிக்கு கூட்டத்துக்குள்ள ஓடிருச்சு. அந்தச் சரமும் நம்ம ஊர்ச் சரமாத்தான் இருக்கும். நாங்க சாப்பிடுற சோறு.

வேன் புறப்படுற நேரம். பத்து நிமிஷம் கூப்பிட்டுப் பார்த்தோம். டிரைவர் ஹாரன் அடிச்சார். "விடுங்கப்பா, அனுப்பினவன் முருகன், அவன் பார்த்துப்பான்"னு ஒருத்தர் சொன்னார். எல்லாரும் அரோகரா சொன்னோம். நானும் சொன்னேன். வேன்ல ஏறிட்டேன்.

கோவில்பட்டி வந்தப்போ எனக்கு வயித்தைக் கலக்க ஆரம்பிச்சுது. நாலு நாள்ல நாங்க நடந்த தூரத்தை வேன் சில மணி நேரத்துல முடிச்சிருச்சு. அந்த 120 கிலோமீட்டரை அது எப்படித் திரும்பி நடக்கும்? நாய்க்கு எல்லை உண்டு. தன் தெருவைத் தாண்டினா அடுத்த தெரு நாய்ங்க கடிச்சு விரட்டும். அதனாலதான் 2023-ல வந்த மத்திய அரசு விதிகள்ல, கருத்தடை செஞ்ச தெருநாயைப் பிடிச்ச இடத்துலயே திரும்ப விடணும்னு இருக்கு. நாங்க ஒரு நாயை அதோட எல்லையிலிருந்து எடுத்து, கடற்கரையில போட்டுட்டு வந்துட்டோம். ஆபீஸ்ல யாராவது ஒரு கோடை டிப்ளாய் பண்ணிட்டு "சர்வர் பார்த்துக்கும்"னு வீட்டுக்குப் போனா நான் என்ன கத்து கத்துவேன்!

2019-ல திருமலையிலிருந்து சபரிமலைக்கு நடந்த 13 ஐயப்ப பக்தர்கள் கூட ஒரு நாய் 480 கிலோமீட்டர் போனதா செய்தி வந்துச்சு. கர்நாடகா சிக்கமகளூர் பக்கம் எடுத்த வீடியோ. நானும் ஷேர் பண்ணேன். அது திரும்பி எப்படிப் போகும்னு எனக்கு அன்னைக்குக் கேட்கத் தோணல.

அந்த வாரம் முழுக்க ஒரே கேள்வி. "முருகன் அனுப்பினான்"னு சொன்னது பக்தியா? அப்படின்னா "முருகன் பார்த்துப்பான்"னு சொன்னது என்ன? வந்ததுக்கும் அவன் பொறுப்பு, விட்டதுக்கும் அவன் பொறுப்பு. நடுவுல நாலு நாள் போட்டோ மட்டும் எங்களுது. பிஸ்கட் போட்ட கை முருகனோட கை இல்ல. என்னோடது.

மகாபாரதத்துல 17-வது பர்வம், மகாபிரஸ்தானிகம். பாண்டவர்கள் எல்லாத்தையும் விட்டுட்டு நடக்கிறாங்க. ஒரு நாய் பின்னாடியே வருது. திரௌபதி விழுறா, நாலு தம்பிகளும் ஒவ்வொருத்தரா விழுறாங்க. கடைசியில தருமரும் நாயும்தான் மிச்சம். இந்திரன் தேர் கொண்டு வந்து ஏறச் சொல்றான், நாய் மட்டும் வேண்டாம்ங்கிறான். நம்பி வந்ததை விட்டுட்டு வர மாட்டேன்னு தருமர் நின்னுடறார். அப்புறம்தான் அந்த நாய் தர்மதேவதைன்னு தெரியுது. இந்தக் கதையைச் சொல்ற எல்லாரும் கடைசி வரியைத்தான் ரசிச்சுச் சொல்றோம். ஆனா தருமருக்கு அது தெரியாது. அவருக்கு அது வெறும் நாய். வெறும் நாய்க்காகத்தான் சொர்க்கத்தை வேண்டாம்னார். எங்களுக்கு முதல் நாளே அது பைரவர்னு தெரிஞ்சிருச்சு. அப்படியும் வேன் ஹாரன் அடிச்சதும் ஏறிட்டோம்.

இன்னொண்ணும் உறுத்துச்சு. நாங்க கும்பிட்டது செந்தூர். சூரசம்ஹாரம் நடந்த ஊர். எதிர்த்து நின்ன சூரபத்மனையே மயிலாவும் சேவலாவும் கூட வச்சுக்கிட்டவன் சந்நிதியில, கூட நடந்து வந்ததை விட்டுட்டு வந்திருக்கோம்.

சனிக்கிழமை பைக்கை எடுத்துட்டு தனியா திருச்செந்தூர் போனேன். பஸ் ஸ்டாண்ட், கடற்கரை, மண்டபம்னு போட்டோவைக் காட்டிக் கேட்டேன். நிறையப் பேருக்கு போட்டோ தெரிஞ்சுது, நாயைத் தெரியல! ஒரு பூக்காரம்மாதான் சொன்னாங்க, "கடிபட்ட செவலை நாய் ஒண்ணு காயாமொழிப் பக்கமா ஓடுச்சுய்யா."

காயாமொழி தாண்டினா தேரிக்காடு. பார்க்காதவங்க போய்ப் பாருங்க, நம்ம தென்முனையில இப்படி ஒரு பாலைவனமான்னு இருக்கும். ஆயிரக்கணக்கான ஏக்கருக்குச் செக்கச் செவேல்னு மணல். இரும்புச் சத்து படிஞ்சதால அந்த நிறம். காத்து கொண்டாந்து குவிச்ச மேடுகள். ஆடிக் காத்துல மேடு இடம் மாறும்னு சொல்றாங்க. நடுநடுவுல பனையும் முந்திரியும். மத்தியானம் அந்த மணல்ல செருப்பைக் கழட்டி ஒரு அடி வச்சுப் பார்த்தேன். ரெண்டாவது அடி வைக்க முடியல.

தேரிக்குள்ள அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில் இருக்கு. சுனை இருக்கிறதால அங்க மட்டும் பச்சை, நிழல். பொங்கல் வைக்க வந்த குடும்பங்க சாப்பிட்டுட்டு இருந்தாங்க. கொஞ்சம் தள்ளி ஒரு மரத்தடியில வேலன். ஒரு காது கிழிஞ்சு, முன்னங்கால் வீங்கி இருந்துச்சு. "வேலா"ன்னு கூப்பிட்டேன். திரும்பிக்கூடப் பார்க்கல. பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்கிற சத்தத்துக்குத்தான் தலையைத் தூக்குச்சு.

பைக்கை அங்கேயே தெரிஞ்சவங்ககிட்ட விட்டுட்டு, மறுநாள் ஒரு டாடா ஏஸ் பேசினேன். பின்னாடி சாக்கு விரிச்சு நானும் அதுவும். ஆத்தூர், முக்காணி, தூத்துக்குடி, எட்டயபுரம்னு அதே ரோடு, தலைகீழா. ரெண்டு இடத்துல நிறுத்தித் தண்ணி கொடுத்தேன். வழி பூரா என் மேல சாயாம, எதிர் மூலையிலயே படுத்திருந்துச்சு.

சாத்தூர்ல அதே டீக்கடை. வண்டி நின்னதும் நொண்டிக்கிட்டே குதிச்சு இறங்குச்சு. டீ மாஸ்டர் கிளாஸைக் கீழ வச்சுட்டு ஓடி வந்தார்.

"எலேய் மணி! எங்கலே போன? எட்டு நாளா ஒன்னைத் தேடாத இடமில்லலே!"

அது அவர் மேல ஏறி மூஞ்சியை நக்குச்சு. அப்புறம் என்னைப் பார்த்து, "தம்பி, எங்க கிடந்துச்சு? நீங்கதான் கொண்டாந்தீங்களா? முருகனாப் பார்த்து உங்களை அனுப்பி வச்சிருக்கான்"னு சொல்லி, காசு வாங்காம டீ போட்டுக் கொடுத்தார்.

அந்த டீயைக் குடிச்சு முடிக்கிறதுக்குள்ள அவர்கிட்ட உண்மையைச் சொல்லிட்டேன்.

வேலும் மயிலும் துணை.