விதி மாறாமல்

மார்பில் சின்னதாகக் கட்டி தென்பட்டதிலிருந்து முதல் உதிரப்போக்கு வரை சாதாரணமாக இரண்டு, இரண்டரை வருஷம் ஆகும். மற்ற வீடுகளில் இந்த இடைவெளியை யாரும் கவனிப்பதில்லை. ஆட்டிசம் உள்ள பிள்ளை இருக்கும் வீட்டில் எல்லா ஒத்திகையும் இதற்குள்தான் முடிய வேண்டும். மகளுக்குப் பத்து வயது. உடம்பில் திடீரென்று எது நடந்தாலும் அவளுக்கு ஆகாது. முதல் பல் ஆடியபோதே வீடு தூங்கவில்லை.

*

ரத்தம் என்றால் அவளுக்குக் காயம். காயம் என்றால் பிளாஸ்திரி, பெரிய காயம் என்றால் ஊசி. இந்தக் கணக்கில் தெளிவாக இருக்கிறாள். எனவே முதலில் பதிய வேண்டியது இதுதான்: இது காயமில்லை, ஊசி கிடையாது, சில நாளில் தானே நிற்கும், மறுபடி வரும்.

விளம்பரத்தில் நாப்கின் மேல் நீலத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். பார்த்ததை அப்படியே நம்புகிறவள், நீலத்துக்காகக் காத்திருப்பாள். பீட்ரூட் சாறு ஊற்றிக் காட்டினேன். "பாப்பா பீட்ரூட் சாப்பிடாது" என்றாள். போகட்டும், நிறம் பதிந்துவிட்டது.

*

அமெரிக்க ஆசிரியை கேரல் கிரே 1990களின் தொடக்கத்தில் 'சோஷியல் ஸ்டோரி' என்ற முறையை வகுத்தார். என்ன நடக்கும், அப்போது யார் கூட இருப்பார்கள், நீ என்ன செய்யலாம் என்று சின்னச் சின்ன வாக்கியங்களில் கதைபோல எழுதி, படத்தோடு திரும்பத் திரும்ப வாசிப்பது. பயமுறுத்தல் கூடாது; பொய்யும் கூடாது. அதனால் "மாதாமாதம் இந்தத் தேதியில் வரும்" என்று எழுத முடியாது. முதல் ஒன்றிரண்டு வருஷம் 21 நாளிலும் வரலாம், 45 நாளிலும் வரலாம். சொன்ன தேதி தவறினால் அவளுக்குக் காலண்டர் மேலேயே நம்பிக்கை போய்விடும். "வருகிற அன்றைக்கு நாம் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவோம்" என்று எழுதியிருக்கிறேன்.

ஜட்டியில் நாப்கின் அளவுக்கு மார்க்கரால் கோடு போட்டாயிற்று. கோட்டுக்குள் ஒட்ட வேண்டும். கோட்டைத் தாண்டுவது அவளுக்குப் பொறுக்காது. இந்த ஒரு விஷயத்தில் அது எனக்கு வசதி. வாசனை சேர்த்த ரகம் வேண்டவே வேண்டாம். இப்போதைக்குக் கார்ட்டூன் ஓடும் நேரத்தில் மட்டும் சும்மா வைத்துப் பழகுகிறாள். பிளாஸ்டிக் சரசரப்பு பிடிக்கவில்லை என்றால் துணியில் தைத்தது, அதுவும் ஒத்துவராவிட்டால் உறிஞ்சும் துணி வைத்த ஜட்டி.

நனைந்துவிட்டதா என்று அவளிடம் கேட்டுப் பயனில்லை. பசி, சிறுநீர் முட்டுவது போன்றவையே இந்தப் பிள்ளைகளில் பலருக்குத் தாமதமாகத்தான் உறைக்கும். ஆகவே மணியைப் பார்த்து மாற்ற வேண்டும், நான்கைந்து மணி நேரத்துக்கு ஒருமுறை.

*

எங்கள் பக்கம் பெண் சடங்கானால் ஊருக்கே பத்திரிகை வைக்கிறோம். தெருமுனை ஃப்ளெக்ஸில் பிள்ளையின் முகம். மேடை, மைக் செட், தாய்மாமன் சீர்த்தட்டு. மறுமாதம் அதே பிள்ளைக்கு நாப்கின் வாங்கப் போனால், கடைக்காரர் பேப்பரில் சுற்றிக் கறுப்புக் கவரில் போட்டு நீட்டுகிறார். வீட்டில் அப்பா காதில் விழாமல் பேசு என்கிறோம். நாங்களெல்லாம் இதைக் கேள்வி கேட்காமல் விழுங்கி வளர்ந்தவர்கள். இவளால் முடியாது. ஒரு விஷயத்தைச் சொல்லலாம் என்றால் எப்போதும் சொல்லலாம், கூடாதென்றால் எப்போதும் கூடாது. ஊரையும் வைத்துக்கொண்டு அப்படி ஒரு விதி எழுதுவதுதான் இத்தனையிலும் கடினமான வேலை.

நான் எழுதியிருப்பது இவ்வளவுதான். அம்மா, அப்பா, அப்பாயி, கிளாஸ் மிஸ், இவர்களிடம் இதைப் பேசலாம். உடை மாற்றுவது கதவு மூடிய அறையில். அங்கே அம்மா வரலாம், வேறு யாரும் கூடாது. டாக்டர் பார்க்க வேண்டுமென்றால் அம்மா பக்கத்தில் இருப்பேன். மாமா வந்தாலும் இது மாறாது.

இதற்கு அவளுக்கு "வேண்டாம்" சொல்லத் தெரிய வேண்டும். கையைக் கட்டு, சொன்னதைச் செய் என்று தெரபியில் வருஷக்கணக்காகப் பழக்கியிருக்கிறோம். எத்தனையோ பெரியவர்களின் கை அவள் மேல் பட்டுப் பழகியிருக்கிறது. அப்படிப்பட்ட பிள்ளை ஒரே நாளில் மறுக்கக் கற்றுவிடாது. ஆகவே இப்போது சின்ன விஷயங்களில் அவள் மறுப்பை ஏற்கிறோம். பூ வேண்டாமா, சரி. தலைபின்ன வேண்டாமா, சரி.

*

சடங்கு வைக்காமல் எப்படி என்கிறார் மாமியார். "அத்தை, மேடையில அவ உக்கார மாட்டா" என்றேன். "நான் பக்கத்துல உக்காருறேன்த்தா" என்கிறார். அவர் ஆசையும் புரிகிறது. பேசிப் பேசி, மஞ்சத்தண்ணி வீட்டுக்குள்ளேயே ஊற்றுவது என்றாகியிருக்கிறது. தண்ணீர் என்றால் அவளுக்கு உயிர். தனியாக உட்காரவைப்பதோ படுக்கும் இடத்தை மாற்றுவதோ கிடையாது. தாய்மாமன் சீராக என் அண்ணன் பட்டுக்குப் பதில் பருத்திப் பாவாடை எடுப்பான், கழுத்து லேபிளை வெட்டிவிட்டு. உளுந்தங்களியின் கொழகொழப்பு அவள் நாக்குக்கு ஒத்துவராது. வடையாகச் சுட்டால் ஆயிற்று, உளுந்து உளுந்துதானே.

*

தெரபி வகுப்பின் வெளித்திண்ணையில் ஒருவர் தணிந்த குரலில் சொன்னார்: "கர்ப்பப்பைய எடுத்துட்டா தொல்ல விட்டுச்சு." அன்பாகத்தான் சொன்னார். 1994இல் புனே சாசூன் அரசு மருத்துவமனையில் இதைச் செய்தார்கள். ஷிரூர் அரசு இல்லத்தில் இருந்த, அறிவுத்திறன் குறைந்த பெண்களுக்குக் கர்ப்பப்பையை அகற்றினார்கள். மாதவிடாய்ச் சுத்தம் பேணத் தெரியாது என்பது சொன்ன காரணம். பெண்கள் அமைப்புகள் கொதித்தெழுந்த பிறகே நின்றது. ஆட்டிசத்தையும் பட்டியலில் சேர்த்த 2016ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், விஷயம் தெரிந்து அவர்களே சம்மதிக்காமல் மலடாக்கும் எந்தச் சிகிச்சையும் கூடாது என்கிறது. கர்ப்பப்பை போனால் உதிரம் நிற்கும். யாராவது அவளிடம் தகாமல் நடந்தால் அதுவும் வெளியே தெரியாமல் போகும். திண்ணையில் இதை நான் சொல்லவில்லை. சொல்ல அது இடமில்லை.

*

வயிறு வலிக்கிறது என்று அவள் சொல்லப்போவதில்லை. கையைக் கடிப்பாள், காதைப் பொத்துவாள், ராத்திரி விழித்திருப்பாள். டைரியில் 'அடம்' என்று எழுதுவதற்கு முன் சிவப்பு ஸ்டிக்கர் நாளா என்று ஒருமுறை பார்க்கும்படி மிஸ்ஸிடம் கேட்க வேண்டும். பையில் ஒரு மாற்று செட் இருக்கும். பள்ளிக் கழிப்பறையில் மூடிபோட்ட குப்பைக்கூடை இல்லை, தாழ்ப்பாள் அவள் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. இரண்டையும் ஜூனுக்குள் கேட்டு வாங்க வேண்டும்.